விபத்து நேரத்து மது அளவைப் பின்கணக்கிட என்னென்ன விவரங்கள் வேண்டும்?

கேள்வி: விபத்து நடந்து மூன்று மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 100 மி.லி.க்கு 65 மி.கி. ஆல்கஹால். ஓட்டும்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று கருத்துரை எழுத வேண்டும். வாக்குமூலத்தில் "ரெண்டு பெக்" என்று மட்டும் இருக்கிறது. இன்னும் எதையெல்லாம் கேட்டு வாங்குவது?

பதில் 1: முதல் மடக்கு, கடைசி மடக்கு, விபத்து, ரத்தம் எடுத்தது என நான்கு நேரங்களும் வேண்டும். இதில் கடைசி மடக்குதான் உயிர்நாடி. குடித்தது முழுதும் ரத்தத்தில் சேர அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும்; சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதமாகலாம். கிளம்பும் முன் கடகடவென்று குடித்திருந்தால், விபத்தின்போது அளவு ஏறிக்கொண்டிருந்திருக்கும். பின்கணக்கு உண்மையைவிடக் கூட்டிக் காட்டிவிடும். முழுதும் சேர்ந்துவிட்டது உறுதியானால், மணிக்கு 10 முதல் 25 மி.கி. குறைவதாக வைத்து 95–140 என்று வீச்சாகவே எழுதுங்கள். ஒற்றை எண் குறுக்கு விசாரணையில் நிற்காது.

விபத்துக்குப் பிறகு குடித்தாரா என்பதையும் உடனே கேட்டுப் பதிய வேண்டும். "பதற்றத்தில் அப்புறம்தான் குடித்தேன்" என்ற வாதம் பின்னாளில் வரும்.

பதில் 2: "பெக்" என்பது ஓர் அளவே இல்லை. 30 மி.லி.யா, 60 மி.லி.யா, கண் மதிப்பில் ஊற்றியதா? பாட்டில் லேபிளில் உள்ள சதவீதம், மீதி இருந்த அளவு இரண்டையும் வாங்குங்கள். உதாரணமாக, 40% மது 180 மி.லி. குடித்திருந்தால்: 180 மி.லி. × 0.40 × 0.789 (ஆல்கஹாலின் அடர்த்தி) = ஏறத்தாழ 57 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆணுக்கு விட்மார்க் காரணி (உடல் எடையில் மது பரவும் பங்கைக் காட்டும் எண்) 0.68 என்றால், 100 மி.லி.க்குச் சுமார் 120 மி.கி.; குடிக்கத் தொடங்கியதிலிருந்து உடல் எரித்ததை இதில் கழிக்க வேண்டும். பெண்களுக்குக் காரணி 0.55 அளவில் இருக்கும். உடல் பருமனானால் இன்னும் இறங்கும் என்பதால் எடையோடு உயரமும் தேவை.

பதில் 3: கணக்குக்கு முன், அந்த 65 முழு ரத்தத்திலா, சீரத்திலா (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) என்று பாருங்கள். மருத்துவமனை ஆய்வகங்கள் பெரும்பாலும் சீரத்தில்தான் பார்க்கும். அதில் சுமார் 15% கூடுதலாக வரும். 1.15ஆல் வகுத்தால் 57தான், மேலே சொன்ன வீச்சு 87–132 ஆகிவிடும். நொதி வினையால் மதுவை அளக்கும் என்சைம் முறை என்றால், பலத்த காயத்தில் லாக்டேட் (உடலில் சேரும் ஓர் அமிலப் பொருள்) ஏறி அளவைப் பொய்யாகக் கூட்டலாம். கேஸ் குரோமட்டோகிராபி (மதுவை மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து அளக்கும் முறை) முடிவு இருந்தால் அதையே எடுங்கள். ஊசி போட்ட இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தார்களா, குழாயில் ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃப்ளோரைடு இருந்ததா, குளிரில் வைத்தார்களா என்பவையும் வேண்டும். ஃப்ளோரைடு இல்லாமல் வெப்பத்தில் கிடந்தால் கிருமிகள் மதுவை உண்டாக்கவும் செய்யும், தின்னவும் செய்யும்.

தடுமாற்றம் பற்றி எழுதுவதானால் பேச்சு, நடை, கண்விழி தன்னிச்சையாக ஆடுவது (நிஸ்டாக்மஸ்) எந்த நேரத்தில் பார்க்கப்பட்டது என்ற குறிப்பு வேண்டும். தலைக்காயமும் ரத்தச் சர்க்கரை இறங்குவதும் அச்சு அசலாகப் போதை போலவே தோன்றும். அந்த இரண்டையும் விலக்காமல் கையெழுத்திடாதீர்கள்.