ஃபெதர்வெயிட் ஜாவா: காஸ்ட் வழக்கில் நிறுவல் நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். இகராஷி, பியர்ஸ், வாட்லர் மூவரும் 1999-இல் வெளியிட்ட ஃபெதர்வெயிட் ஜாவாவை (ஜாவாவின் மிகச் சிறிய கணித மாதிரி) காக் என்ற நிறுவல் கருவியில் (நிரூபணங்களைச் சரிபார்க்கும் மென்பொருள்) எழுதி வருகிறேன். மொத்தம் ஐந்து வகைக் கோவைகள்தான்: மாறி, ஃபீல்டு அணுகல், மெத்தட் அழைப்பு, நியூ (புதிய பொருள் உருவாக்குவது), காஸ்ட் (பொருளை வேறு டைப்பாகக் கருதச் சொல்வது).

காஸ்டுக்கு இரண்டு டைப் விதிகள் வைத்திருக்கிறேன். ஒன்று மேல்நோக்கி, அதாவது தாய்க் கிளாஸின் பக்கம், போவதற்கு, மற்றது கீழ்நோக்கி வருவதற்கு. உறவே இல்லாத கிளாஸுக்கு காஸ்ட் செய்தால் ஜாவா கம்பைலரே பிழை சொல்லிவிடும் என்பதால் அதற்கு விதி எழுதவில்லை. பதிலீட்டுத் துணைத்தேற்றத்தில் (மாறியின் இடத்தில் கோவையை வைத்தாலும் டைப் கெடாது என்பது) காஸ்ட் வழக்குக்கு வந்ததும் நிறுவல் நகரவில்லை. இரண்டு கிளாஸ்களில் ஒன்று மற்றதன் சப்டைப் (அதன் கீழ் வரும் டைப்) என்று காட்டச் சொல்கிறது. அதற்கான கருதுகோள் எதுவும் கையில் இல்லை. எந்த இடத்தில் பிசகு?

அடுத்து நிபந்தனைக் கோவையையும் (? :) அசைன்மென்டையும் சேர்க்க எண்ணம். அதற்கு முன்பே கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில் 1

நிறுவலில் பிசகு இல்லை. உங்கள் விதிகளின்படி அந்தத் தேற்றமே பொய். ஏ, பி இரண்டும் ஆப்ஜெக்டை மட்டுமே நீட்டிக்கும் கிளாஸ்கள் என்று வைத்துக்கொண்டு இந்தக் கோவையைப் பாருங்கள்:

(ஏ)((ஆப்ஜெக்ட்) நியூ பி())

உள்ளே இருப்பது மேல்நோக்கிய காஸ்ட், அதன் டைப் ஆப்ஜெக்ட். வெளியே இருப்பது ஆப்ஜெக்டிலிருந்து ஏ-க்குக் கீழ்நோக்கிய காஸ்ட். இரண்டும் சரி, ஜாவாவும் ஏற்கும். ஒரு படி இயக்கினால் உள் காஸ்ட் கழன்று இப்படி ஆகிறது:

(ஏ)(நியூ பி())

இதற்கு உங்களிடம் விதி இல்லை. டைப் உள்ள கோவை ஒரே படியில் டைப் இல்லாததாகிவிட்டது. உங்கள் துணைத்தேற்றத்தில் நடப்பதும் இதுவே: ஆப்ஜெக்ட் டைப்பில் இருந்த மாறியின் இடத்தில் நியூ பி() வந்து உட்காருகிறது.

மூல மாதிரியில் இதற்கென்றே மூன்றாவது விதி இருக்கிறது. உறவில்லாத காஸ்டையும் ஏற்று, கூடவே ஓர் எச்சரிக்கைக் குறி இடும். "முட்டாள் காஸ்ட்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நிரலாளர் எழுதும் மூலநிரலில் இந்த விதி பயன்பட்டால் அது ஜாவா நிரல் ஆகாது. இயங்கும்போது இடையில் தோன்றும் கோவைகளுக்கு மட்டுமே அது. இயக்கத்தை ஒவ்வொரு படியாக வரையறுக்கும் ஸ்மால்-ஸ்டெப் முறையில் இதைத் தவிர்க்க முடியாது. கம்பைலர் பார்க்கும் மொழி வேறு, இயக்கத்தின் நடுவே தோன்றும் மொழி வேறு. விதிகள் இரண்டாவதையும் தாங்க வேண்டும்.

தேற்றக் கூற்றுகளையும் சரிபாருங்கள். காப்புத் தேற்றம் (ஒரு படி இயங்கினாலும் டைப் கெடாது என்பது) "அதே டைப்" என்று சொல்லக் கூடாது. "முந்தைய டைப்பின் ஏதாவது ஒரு சப்டைப்" என்றே சொல்ல வேண்டும். முன்னேற்றத் தேற்றத்தில் (டைப் உள்ள கோவை நடுவில் சிக்கி நிற்காது என்பது), மதிப்பாகவும் இல்லாமல் மேலே நகரவும் முடியாமல் நிற்கும் கோவைக்குள் தோற்றுப்போன காஸ்ட் ஒன்று இருக்கும் என்ற விதிவிலக்கு தேவை. பிறகு தனித் தேற்றம்: தொடக்கக் கோவையிலும் மெத்தட் உடல்களிலும் மேல்நோக்கிய காஸ்ட் மட்டுமே இருந்தால், இயக்கத்தின்போது வேறு வகை காஸ்ட் முளைக்காது. ஜெனரிக்ஸை (டைப்பையே அளபுருவாக ஏற்கும் கிளாஸ்கள், மெத்தட்கள்) காஸ்டுகளாக மாற்றும் கம்பைலரைப் பற்றி ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் காஸ்டை இப்படி நுணுக்கமாகப் பிரித்தே ஆக வேண்டும்.

பதில் 2

காக் பக்கம் மூன்று குறிப்புகள். நியூவுக்கும் மெத்தட் அழைப்புக்கும் கோவைகளின் பட்டியல் உள்ளே வருவதால், காக் தானாகத் தரும் இண்டக்‌ஷன் விதி பட்டியலுக்குள் இருக்கும் கோவைகளுக்குக் கருதுகோள் தராது. சொந்த இண்டக்‌ஷன் விதி எழுதிக்கொள்ளுங்கள். ஃபீல்டுகளைத் தேடும் செயற்கூறு தாய்க் கிளாஸ் வழியே மேலே ஏறுவதால், அது முடிவுறும் என்று காக் ஏற்காது. அதை உறவாக வரையறுத்துவிடுவது எளிது. கிளாஸ் அட்டவணையில் பரம்பரைச் சுழற்சி இல்லை என்பதையும் வெளிப்படையான நிபந்தனையாக வையுங்கள்.

கேட்டவர்

நன்றி, மூன்றாவது விதியோடு துணைத்தேற்றம் முடிந்தது. நிபந்தனைக் கோவைக்கு "இரு கிளைகளில் ஒன்றின் டைப் மற்றதன் சப்டைப்பாக இருக்க வேண்டும்" என்ற பழைய ஜாவா விதியை வைக்கலாமா?

பதில் 3

வைக்காதீர்கள், அதே நோய் திரும்ப வரும். ஒரு கிளையில் ஆப்ஜெக்ட் டைப் மாறி, மறு கிளையில் ஏ. விதி பொருந்துகிறது. மாறிக்குப் பதில் நியூ பி() வந்ததும் கிளைகள் பி, ஏ என்று உறவற்றுப் போகின்றன.

தீர்வு இரண்டு உண்டு. கிளாஸ்கள் மட்டும் இருக்கும் மொழியில் எந்த இரண்டுக்கும் மிக அருகிலுள்ள பொது மூதாதை ஒன்றே ஒன்றுதான். அதையே விடை டைப்பாக வைக்கலாம். கிளைகளின் டைப் கீழே இறங்கினால் மூதாதையும் கீழே இறங்கும் அல்லது அப்படியே நிற்கும், ஆகவே காப்பு கெடாது. இன்டர்ஃபேஸ் சேர்த்த நாளே இது உடையும், ஏனென்றால் அருகிலுள்ள மூதாதைகள் பல ஆகிவிடும். இரண்டாவது வழியே எனக்கு உகந்தது: கம்பைலர் கண்டுபிடித்த டைப்பைக் கோவையிலேயே எழுதிவைத்து, இரு கிளைகளும் அதன் சப்டைப்பா என்று மட்டும் பார்ப்பது. இயக்கம் அந்தக் குறிப்பைத் தொடவே தொடாது.

அசைன்மென்ட் இதைவிடப் பெரிய வேலை. மூல மாதிரியில் உட்கோவைகளை எந்த வரிசையிலும் இயக்கலாம். மெத்தட் வாதங்கள் கணக்கிடப்படாமலே உடலுக்குள் போகலாம். பக்கவிளைவு இல்லாதவரை பாதகமில்லை. அசைன்மென்ட் வந்தபின் ஒரு வாதம் உடலில் இருமுறை வந்தால் அதன் விளைவும் இருமுறை நடந்துவிடும். ஆகவே முதலில் இடமிருந்து வலமாக, வாதங்கள் மதிப்பான பிறகே அழைப்பு என்று மாற்றி, தேற்றங்களை மறுபடி நிறுவிக்கொள்ளுங்கள். அதன்பின் ஹீப் (பொருள்கள் இருக்கும் நினைவகம்): மதிப்பு என்பது இனி முகவரி. ஒவ்வொரு முகவரிக்கும் கிளாஸ் சொல்லும் ஹீப்-டைப்பிங் ஒன்று வேண்டும். காப்புத் தேற்றம் "புதிய ஹீப்-டைப்பிங் பழையதை நீட்டிக்கும், இருந்த முகவரியின் கிளாஸ் மாறாது" என்று விரியும். ஃபீல்டில் உள்ள முகவரியின் கிளாஸ், அறிவித்த டைப்பின் சப்டைப்பாக இருப்பதை ஹீப் நிபந்தனையில் சேருங்கள்.

நல் (null, எந்தப் பொருளையும் சுட்டாத மதிப்பு) சேர்க்கிறீர்களா என்பதை மட்டும் ஆற அமர யோசியுங்கள். முன்னேற்றத் தேற்றத்தில் இன்னொரு விதிவிலக்கு வரும், அது சிறிய விஷயம். பெரிய விஷயம் 2016-இல் அமின், டேட் இருவரும் காட்டியது. ஜாவாவின் வைல்டுகார்டு டைப் (ஜெனரிக்ஸில் ? என்று எழுதுவது) ஒன்றின் எல்லைகளை, ஏதோ ஒரு டைப் உறவில்லாத இன்னொன்றின் சப்டைப் என்று சொல்வதுபோல அமைக்கலாம். அந்த டைப்பில் உண்மையான பொருள் எதையும் உருவாக்க முடியாது, அதனால் ஆபத்தில்லை என்று தோன்றும். நல்லோ எல்லா டைப்பிலும் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அந்தப் பொய்ச் சான்றைக் கம்பைலர் ஏற்று, காஸ்டே எழுதாத நிரலை அனுமதிக்கிறது. இயங்கும்போது கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் விழுகிறது. 2004-இல் ஜாவா 5-உடன் வந்த வசதியில் இருந்த ஓட்டை இது. நல் இல்லாத மாதிரியில் எத்தனை தேற்றம் நிறுவினாலும் இது அகப்படாது, ஏனென்றால் வைல்டுகார்டும் நல்லும் சேரும் இடத்தில்தான் அது இருக்கிறது.

உங்களுக்கு ஜெனரிக்ஸ் வரை போகும் எண்ணம் இருந்தால் நல்லை இப்போதே, ஹீப்போடு சேர்த்தே கொண்டுவாருங்கள். ஜெனரிக்ஸுக்குப் பின் சேர்த்தால் சப்டைப் துணைத்தேற்றங்கள் அனைத்தையும் திரும்ப எழுத நேரிடும்.