சேவ் பண்ணிய எக்ஸெல் பைல் மறுநாள் பழையபடி வருது, ஐயாவுக்கு எப்படிச் சரிசெய்து கொடுப்பது?

புறக்கோட்டை_லெஜர்:
மொத்த வியாபார ஒஃபிஸ். கணக்குப் பார்க்கும் ஐயா அறுபதை நெருங்குகிறார். கூட்டல் கழித்தலில் அவரை அசைக்க முடியாது, கொம்ப்யூட்டர்தான் இடிக்குது. மெயிலில் வரும் சம்பளப் பட்டியலைத் திறந்து, திருத்தி, சேவ் பண்ணுகிறார். மறுநாள் அதே மெயிலைத் திறந்தால் திருத்தம் ஒன்றையும் காணோம். இன்னொன்று: அடையாள அட்டை இலக்கம் அடித்தால் 1.99012-க்குப் பின்னால் ஈ+11 என்று வருது, தொலைபேசி இலக்கத்தின் முதல் சைபரும் போயிடுது. அவுட்லுக், எக்ஸெல் 2016.

தெஹிவளை வயர்:
ஐயா சேவ் பண்ணியது உண்மைதான், போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு. மெயிலில் இருந்தே திறந்தால் அவுட்லுக் மறைவான தற்காலிக ஃபோல்டரில் ஒரு கொப்பி எடுத்துத் தரும். திருத்தம் அதில் விழும், மெயிலில் இருப்பது அப்படியே கிடக்கும்.

மீட்க: அந்த மெயிலைத் தொடாமல், எக்ஸெலை மட்டும் திறந்து கொன்ட்ரோல்+ஓ, ரீசன்ட். பெயருக்குக் கீழே 'கொன்டென்ட் அவுட்லுக்' என்று பாதை தெரிந்தால் அதுதான். திறந்தவுடன் எஃப்12 அடித்து வேறிடத்தில் போடுங்கோ. தற்காலிக ஃபோல்டர் துடைபட்டிருந்தால் கிடைக்காது.

இனிமேலுக்கு: டி டிரைவில் 'சம்பளம்' என்று ஒரே ஃபோல்டர், டெஸ்க்டொப்பில் அதற்கு ஷோர்ட்கட். மெயிலில் வந்ததை முதலில் அங்கே இழுத்துப் போட வேண்டும், பிறகு அங்கிருந்துதான் திறக்க வேண்டும். திருப்பி அனுப்பும்போது ஃபோர்வர்ட் அழுத்த விடாதீங்கோ. பழைய பைல்தான் கூடப் போகும். ரிப்ளை போட்டு, ஃபோல்டரில் இருந்து புதிதாக இணைக்க வேண்டும்.

எக்ஸெல்_கொட்டாஞ்சேனை:
இலக்கப் பிரச்சினைக்கு: 12 இலக்கமோ அதற்கு மேலோ வந்தால் எக்ஸெல் அப்படிச் சுருக்கித்தான் காட்டும். பழைய அட்டையில் 9 இலக்கத்தோடு கடைசியில் வி இருந்ததால் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டது. புது அட்டை முழுக்க இலக்கம், அதனால்தான் இப்போது கண்ணில் படுது. அடிக்க முன்பே கொலத்தைத் தெரிவுசெய்து கொன்ட்ரோல்+1, 'டெக்ஸ்ட்'. ஏற்கெனவே அடித்ததற்கு 'நம்பர்', தசமம் 0. இலக்கம் தொலையவில்லை, திரும்பத் தெரியும். ஆனால் 15-க்கு மேற்பட்ட இலக்கம் (வங்கி அட்டை மாதிரி) என்றால் 16-ஆவதில் இருந்து சைபராகிவிடும். அதை மீண்டும் அடிப்பதுதான் வழி.

தொலைபேசிக்கு 'கஸ்டம்' போய் 0000000000. அது கண்ணுக்கு மட்டும்தான் சைபரைக் காட்டும். சீ.எஸ்.வி-ஆக (வெறும் எழுத்து பைலாக) சேவ் பண்ணினால் சைபரும் சேர்ந்து போகும், அதையே மறுபடி எக்ஸெலில் திறந்தால் உதிர்ந்துவிடும். சரிபார்க்க நோட்பேட்தான்.

மருதானை_ஹெல்ப்டெஸ்க்:
ஐயா டபுள் கிளிக் பண்ணும்போது பைல் திறக்காமல் பெயர் நீலமாகுதா? கிளிக் மெதுவாகிறது. மௌஸ் செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், பாதித் தொல்லை போகும். கற்றுக்கொடுக்கும்போது மௌஸை நீங்கள் பிடிக்காதீர்கள், அவர் கையிலேயே இருக்கட்டும். 'இழு, திற, சேவ், ரிப்ளை' என்று நாலே வரி பெரிதாக எழுதி மொனிட்டரில் ஒட்டுங்கள். பட்டனின் பெயர் திரையில் இருப்பது போலவே இருக்க வேண்டும், 'மேலே நீலமா இருக்கிறது' என்றெல்லாம் எழுதினால் அடுத்த அப்டேட்டில் குழம்பிப் போவார்.

புறக்கோட்டை_லெஜர்:
ரீசன்டில் கிடைத்தது! ஆனால் மூன்று கொப்பி, பெயர் முடிவில் (002), (003). கடைசியை எடுத்தால் போதுமா?

தெஹிவளை வயர்:
போதாது. ஒவ்வொரு நாளும் மெயிலில் இருக்கும் மூலத்தில் இருந்துதான் ஐயா தொடங்கியிருக்கிறார், அதனால் முதல் நாள் திருத்தம் மூன்றாவதில் இருக்காது. மூன்றையும் சேவ் பண்ணி, பக்கத்தில் பக்கத்தில் திறந்து, எந்தெந்தப் பெயரைத் திருத்தினார் என்று ஐயாவிடமே கேட்டு ஒன்றில் சேருங்கோ. கணக்கு அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.