பொருள்: 'டெப்ரிகேட்டட்' – 'வழக்கொழிந்த' என்றே போட்டுவிடலாமா?

வணக்கம்.

நாம் தமிழாக்கும் கணினிக் கட்டளைகளின் கையேட்டுப் பக்கங்களில் 'டெப்ரிகேட்டட்' (இன்னும் ஓடும், ஆனால் தவிர்க்கச் சொன்னது), 'அப்ஸலீட்' (பழமையாகிப்போனது), 'ரிமூவ்டு' (எடுத்துவிட்டது) மூன்றுக்கும் நம் கலைச்சொற்கோப்பில் 'வழக்கொழிந்த' என்றே இருக்கிறது. படிப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தேர்வு (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் குறி) இப்போது ஓடுமா, ஓடாதா? அதை இந்தச் சொல் சொல்வதில்லை.

கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் '-பெர்ம் +111' ஓர் எடுத்துக்காட்டு: உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோரில் யாராவது இயக்கக்கூடிய கோப்புகளைத் தேடுவது. லினக்ஸில் பரவலாக உள்ள குனு திட்டத்தின் பதிப்பில் 2005 முதல் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள், பிறகு 4.5.12இல் எடுத்தே விட்டார்கள். இன்று அடித்தால் பிழைச்செய்தி வரும். பழைய குறிப்பை நம்பி வந்தவர் பிழையைப் பார்த்ததும் கூட்டல் குறியை மட்டும் அழித்துவிடுவார். அதுதான் மோசம். '-பெர்ம் 111' என்றால் அனுமதி மிகச்சரியாக 111 ஆக உள்ள கோப்பு மட்டும். நிரல்களுக்கு வழக்கமாக உள்ள 755 அனுமதி கொண்ட கோப்பு எதுவும் சிக்காது, பிழையும் வராது. வேண்டியது '-பெர்ம் /111'.

'ஒழிநிலைத் தேர்வு' என்று வைக்கலாமா? சுருக்கமாக இருக்கிறது.

————

> 'ஒழிநிலைத் தேர்வு' என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. ஒழிநிலை வினைத்தொகை. ஒழிந்த நிலை, ஒழிகின்ற நிலை, ஒழியும் நிலை மூன்றும் அதற்குள் அடக்கம். காலம் தெரியாததுதான் நம் சிக்கலே. காலத்தை மறைக்கும் தொகையையே அதற்குப் பெயராக வைப்பதா?

'காலாவதி' என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: காலாவதியான மாத்திரையை யாரும் விழுங்குவதில்லை. ஆனால் வரிகளைத் தேடும் கிரெப் கட்டளையின் பழைய வடிவமான ஈகிரெப் இன்னும் வேலை செய்கிறது. 2007 முதல் தவிர்க்கச் சொன்ன கட்டளை அது. 2022இல் வந்த கிரெப் 3.8 எச்சரிக்கை மட்டும் காட்டத் தொடங்கியது. அந்த எச்சரிக்கை பிழை வெளியீட்டில் போவதால், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக இயக்கும் அமைப்பு) ஓடும் நிரல்களால் திடீரென்று மின்னஞ்சல் வரும். விடை என்னவோ சரியாகத்தான் வரும்.

'கைவிடவுள்ள' என் பரிந்துரை.

————

> 'கைவிடவுள்ள' என் பரிந்துரை.

காலம் தெளிவு. ஆனால் அது ஒரு வாக்குறுதி ஆகிவிடுகிறதே.

கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கட்டளையைப் பாருங்கள். 'டெய்ல் +5' என்றால் ஐந்தாம் வரி முதல் காட்டு என்பது பழைய வழக்கு. யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொது விதிமுறையான போசிக்ஸ் தரத்தின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பு அதைத் தள்ளியது. அந்தத் தரப்படி நடந்த குனு டெய்ல் '+5' என்ற பெயரில் கோப்பைத் தேடி, இல்லை என்று கைவிரித்தது. 2008 தரத்துக்குப் பிறகு பழைய வடிவம் மறுபடி ஓடுகிறது. சூழல் மாறியில் (நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்பு) போசிக்ஸ் பதிப்பை 200112, அதாவது 2001ஆம் ஆண்டுத் தரம், என்று வைத்தால் இன்றும் கோப்பைத்தான் தேடும். போன மச்சான் திரும்பி வந்த கதை. 'கைவிடவுள்ள' என்று அச்சிட்டிருந்தால் நம் கையேடு பொய்யாகியிருக்கும்.

ஆக, இது ஆரூடமில்லை, அறிவுரை. 'டெப்ரிகேட்டட்' என்பதற்குத் 'தவிர்க்கத்தக்க' போதும். 'இன்று ஓடும்', 'புதிதாக எழுதுவதில் போடாதே' என்ற இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. ஓடாததற்கு 'நீக்கப்பட்ட'. 'வழக்கொழிந்த' என்பதை 'அப்ஸலீட்' வரும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

சொல் மட்டும் பத்தாது, அதற்குப் பதிலாக எழுத வேண்டிய மாற்றும் அதே வரியில் வர வேண்டும்:

'டெய்ல் +5: தவிர்க்கத்தக்கது. டெய்ல் -என் +5 என எழுதுக.'
'-பெர்ம் +111: நீக்கப்பட்டது. -பெர்ம் /111 என எழுதுக.'

மூலத்தில் மாற்று தரப்படாத வரிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றை மூல ஆசிரியர்களிடம் கேட்டுத்தான் நிரப்ப முடியும்.