ரெமிங்டன் 700 துப்பாக்கிக்கு வீட்டிலேயே கேமோ பெயின்ட்: எந்த நிறம் முதலில், குறிபார்க்கும் ஸ்கோப்பைக் கழற்றணுமா?

ஹில்கன்ட்ரி_வேல்:
வணக்கம். டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் நவம்பர் மான் சீசன் தொடங்குவதற்குள் என் ரெமிங்டன் 700 எஸ்பிஎஸ்-க்கு ஸ்ப்ரே கேனில் கேமோ (சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் நிறங்கள்) அடிக்க நினைக்கிறேன். கறுப்பு சிந்தெடிக் ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டை), மேட் புளூயிங் (எஃகின் மேல் மினுங்காத துருத்தடுப்புப் பூச்சு) பேரல். ரஸ்ட்-ஓலியம் கேமஃப்ளாஜ் வரிசையில் காக்கி, பிரவுன், பச்சை வாங்கியாச்சு. ஸ்கோப்பைக் கழற்றணுமா? எந்த நிறம் முதலில்? மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) வேணுமா?

எண்ணெய்த்துணி:
மேகசினைக் காலி செய்து, ட்ரிகருக்கு முன்னால் இருக்கும் சின்ன பட்டனை அழுத்தி போல்ட்டை (பேரலின் பின்பக்கத்தை மூடும், கைப்பிடியுள்ள உருளை) உருவிவிடுங்கள். சேம்பரை (தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே தோட்டா எதுவும் வேண்டாம்.

பெயின்ட் உரிந்தால் முதல் சந்தேகம் எண்ணெய் மேல்தான். மேட் புளூயிங் எண்ணெயை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேரலை அசிட்டோன் நனைத்த துணியால், துணியில் அழுக்கு வராத வரை துடைக்கணும். அசிட்டோன் ஸ்டாக் பக்கமே போகக்கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும். அங்கே 91% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போதும். ஸ்டாக்கின் வழவழப்பு போக 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி துடையுங்கள். புளூயிங்கைத் தேய்க்காதீர்கள், துருவுக்கு வழி விட்ட மாதிரி ஆகிவிடும். இதற்குப் பிறகு நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரல் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

டேப் வேலைக்கு அவசரமே கூடாது. பேரல் வாயில் ஃபோம் காதடைப்பான். எஜெக்ஷன் போர்ட்டிலும் (காலித் தோட்டா வெளிவரும் திறப்பு) பின்பக்க போல்ட் வழியிலும் காகிதம் திணித்து மேலே டேப். ட்ரிகர், சேஃப்டி இரண்டையும் முழுக்கச் சுற்றிவிடுங்கள். அங்கே பெயின்ட் இறங்கினால் ட்ரிகர் சரியாகத் திரும்பாமல் போகலாம், அது விளையாட்டில்லை. ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடல்) இடப்பக்கம் இருக்கும் சீரியல் நம்பர் மேலும் டேப் ஒட்டுங்கள். அதை அழிப்பதோ மாற்றுவதோ அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். பெயின்ட்டுக்கு அடியில் அது மறைவதையும் தவிர்த்துவிடுவது நல்லது.

ஸ்கோப்பைக் கழற்ற வேண்டாம். கழற்றி மாட்டினால் மறுபடி ஜீரோ பார்க்கணும் (குண்டு குறியில் விழுகிறதா என்று சரிசெய்யணும்). ரிங் உட்காரும் இடத்தில் பெயின்ட் படிந்தால் பிடிப்பும் கெடும். லென்ஸ் இரண்டையும், டரட் (குறி திருத்தும் குமிழ்) எண்களையும், ஜூம் வளையத்தையும் மூடினால் போதும்.

காய்ந்தபுல்:
நிறத்துக்கு வருகிறேன். அந்தப் பகுதியில் சுண்ணாம்புக் கல்லும் காய்ந்த புல்லும்தான் அதிகம், ஜூனிப்பரும் ஓக்கும் அதற்கு அப்புறம். அதனால் காக்கி முழுக்க அடிப்பூச்சு. பச்சையைக் கைநிறையப் போட்டுவிடாதீர்கள்.

கேனை ஒரு நிமிடம் குலுக்கி, 25-30 செ.மீ. தள்ளிப் பிடித்து, துப்பாக்கிக்கு வெளியிலேயே தொடங்கி வெளியிலேயே முடியுங்கள். முதல் பூச்சில் கறுப்பு தெரியத்தான் செய்யும், தெரியட்டும். ஒரே வீச்சில் மூட நினைத்தால் வழியும். மெல்லிசாக மூன்று பூச்சு போதும். ரஸ்ட்-ஓலியத்தில் அடுத்த பூச்சு ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 48 மணி நேரம் கழித்து. நடுவில் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கி எழும்பும். வெப்பம் 10-லிருந்து 32 டிகிரி செல்சியஸுக்குள், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். டெக்சாஸ் செப்டம்பர் மதியத்தில் அடித்தால் பெயின்ட் துளி காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். காலையில், திறந்த வெளியில், ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (பெயின்ட் ஆவியை வடிகட்டும்) மாஸ்க்கோடு அடியுங்கள்.

பிறகு பிரவுனை 8-10 செ.மீ. அகலச் சாய்வுப் பட்டைகளாக, விளிம்பு மங்கலாக இருக்கும்படி. ஸ்டாக்கிலிருந்து ஸ்கோப் வரை ஒரே பட்டை கடந்து போகணும். துப்பாக்கியின் நீள்கோடு உடைவது அங்கேதான். கடைசியில் அந்த ஊர்ப் புல்லையே ஒரு கொத்து மேலே வைத்து, பச்சையும் பிரவுனும் ஒரு நொடி தூவல். புல்லை எடுத்தால் அதன் நிழலில் காக்கிக் கீற்றுகள் நிற்கும். பலர் சொதப்புவது இந்தக் கட்டத்தில்தான்: சின்னச் சின்னப் புள்ளியாக நிரப்பிவிடுவார்கள். 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் கலந்து ஒரே கருந்திட்டு. பாதியிலேயே எட்டி நின்று பாருங்கள். போதும் என்று தோன்றினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

எண்ணெய்த்துணி:
கிளியர் கோட் பற்றி: நான் வேண்டாம் என்பேன். மேட் என்று போட்டிருந்தாலும் கொஞ்சம் தடித்தால் வெயிலில் மினுங்கும், அப்புறம் கேமோ எதற்கு? தேய்ந்த இடத்தில் மறுபடி தூவிக்கொள்வதுதான் இந்தப் பெயின்ட்டின் வசதியே.

காய்ந்தபுல்:
கன்னம் படும் இடத்திலும் கைப்பிடியிலும் மட்டும் மேட் கிளியர் ஒரு மெல்லிய பூச்சு தரலாம், அங்கேதான் வியர்வையும் உரசலும். ஆனால் கிளியர் எதிலிருந்தும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். டீட் கலந்த கொசு மருந்து கையில் இருந்தால் பெயின்ட் பிசுபிசுத்துக் கையோடு வரும். ஹாப்பீஸ் நம்பர் 9 போன்ற, பேரல் சுத்தம் செய்யும் சால்வென்ட் சொட்டினாலும் அதே கதி. பேரலைச் சுத்தம் செய்யும்போது வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, அதைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஹில்கன்ட்ரி_வேல்:
நன்றி. எத்தனை நாள் காயவிடணும்? பேரல் சூட்டில் கருகுமா?

எண்ணெய்த்துணி:
தொட்டால் ஒட்டாத நிலை அன்றைக்கே வந்துவிடும். டேப்பை அப்போதே, பெயின்ட் முழுக்க இறுகும் முன், பின்னோக்கி மடித்து இழுங்கள். தாமதித்தால் விளிம்பு பிய்ந்து வரும். முழுசாக இறுக ஒரு வாரமாவது தொங்கவிடுங்கள், உறையில் போடாதீர்கள். மான் வேட்டையில் ஒன்றிரண்டு குண்டுக்கு ஒன்றும் ஆகாது. ரேஞ்சில் விடாமல் சுட்டால் பேரல் பக்கம் பெயின்ட் மென்மையாகி, சாய்த்து வைத்த இடத்தின் தடம் பதியும். அப்படிச் சுடுபவருக்கு செராகோட் (துப்பாக்கிக்கான கடினமான பீங்கான் கலந்த பூச்சு) தான் சரி, ஆனால் அதற்கு மணல் வீச்சும், பெரும்பாலும் அடுப்பும் வேணும். போல்ட்டைத் திரும்ப மாட்டி, வெறும் சேம்பரில் சேஃப்டியையும் ட்ரிகரையும் பலமுறை சோதித்த பிறகே தோட்டா.