நாலாவது சுற்றில் பிரேக் மிதி உள்ளே போகிறது: பழைய சிட்டிக்குப் பெரிய டிஸ்க் போடலாமா?

ரெயின்போ நகர் விடெக்

எல்லோருக்கும் வணக்கம். 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக் வைத்திருக்கிறேன். அப்பா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. இன்றைக்கும் சேதராப்பட்டு வேலைக்கு இதில்தான் போய் வருகிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 13 அங்குலச் சக்கரம், எல்லாம் கம்பெனியில் வந்தபடியே.

போன மாதம் முதல் தடவையாக சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டினேன். மூன்று சுற்று அருமையாகப் போனது. நாலாவது சுற்றில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்த பிறகுதான் பிடித்தது. கை கால் உதறிவிட்டது. உடனே உள்ளே கொண்டுவந்து, பிரேக்கை மிதித்தபடியே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து மிதி பழையபடி ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது 80-க்கு மேல் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. வண்டி லேசாக வலது பக்கம் இழுக்கிறது. ஆனால் கை வைக்க முடியாத சூடு இருப்பது இடது முன் சக்கரத்தில்!

சென்னையில் ஒரு கடையில் துளையிட்ட பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிபர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), அதற்கேற்ற 15 அங்குலச் சக்கரம் எல்லாம் சேர்த்து 90 ஆயிரம் சொல்கிறார்கள். போட்டுவிடலாமா?

கடலூர் ஓ.டி.

அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். மிதி மெத்தென்று உள்ளே போய், ஆறியதும் சரியானது என்றால் உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆவிக் குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. நீங்கள் மிதித்த மிதி குமிழியை அமுக்கவே செலவாகிவிட்டது. டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் அளவுக்கு மீறிச் சூடாகியிருந்தால் மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு.

ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. நம்ம கடலோரக் காற்றில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிலை விட்டுவைப்பதே தப்பு.

டிராக்கில் எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு கணக்கு. வேகம் இரண்டரை மடங்கானால் வண்டியின் ஆற்றல் ஆறேகால் மடங்கு. ஊருக்குள் 60-ல் வந்து நிற்பதும் டிராக்கில் 150-ல் வந்து நிற்பதும் அந்த அளவுக்கு வித்தியாசம். அதுவும் சுற்றுக்குச் சுற்று, ஆற நேரமே இல்லாமல்.

இன்னொன்று. டிராக்கை விட்டு வந்ததும் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, நடுக்கம் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். கொதிக்கிற டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அதன் பொருள் அங்கே திட்டாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, சமதளத்தில் கியரில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம்.

ரெயின்போ நகர் விடெக்

ரொம்ப நன்றி. ஆயில் மாற்றி மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும், மேலே ஊற்றி அளவு மட்டும் சரிபார்த்திருக்கிறார்கள். அப்படியானால் இடது பக்கச் சூடு?

முதலியார்பேட்டை பட்டறை

தம்பி, உங்கள் பெயரில் புதுச்சேரி ரெயின்போ நகர் இருப்பதால் கேட்கிறேன். 2024 ஃபெஞ்சல் புயலில் வண்டி தண்ணீரில் நின்றதா? அந்த மழைக்குப் பிறகு வந்த வண்டிகளில் இதே கதையைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

உங்கள் காலிபருக்கு ஒரு பக்கம்தான் பிஸ்டன். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும், காலிபர் முழுவதும் கம்பி மாதிரி இருக்கும் இரண்டு பின்களில் சறுக்கி வந்து வெளி பேடை இழுக்கும். அந்தப் பின்னை மூடியிருக்கும் ரப்பருக்குள் தண்ணீர் போய்த் துரு பிடித்தால் காலிபர் சறுக்காது. பிரேக் போடும்போது இடது பக்கம் பாதிப் பிடிதான், அதனால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாது, உரசிக்கொண்டே ஓடும், அதனால் இடது பக்கம் சூடு. உங்களுடைய இரண்டு சந்தேகத்துக்கும் ஒரே காரணம் இதுவாக இருக்கலாம்.

ஆனால் காலிபருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்தாலும் சக்கரம் உரசும். அதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திப் பிரேக்கை மிதித்து விடுங்கள். இடது சக்கரம் இறுக்கமாகச் சுற்றினால் காலிபரின் பிளீடர் நிப்பிளை (ஆயிலும் காற்றும் வெளியேற்றும் சின்ன திருகை) கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே இலகுவானால் கோளாறு ஹோஸில். அப்போதும் உரசினால் கோளாறு காலிபர் பின்னிலோ பிஸ்டனிலோ. பேடைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள், அதுவே பாதி சொல்லிவிடும்.

காலிபர் பின்னுக்குச் சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடியும் இறுக்கிவிடும். ஹோண்டாவில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சாதா ஸ்குரூ டிரைவரால் திருகினால் தலை மழுங்கிவிடும், சுத்தியலால் அடிக்கிற இம்பேக்ட் டிரைவர் வேண்டும். டிஸ்க்கைக் கழற்றியதும் அது உட்காரும் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டி எடுங்கள். அங்கே ஒரு துகள் இருந்தாலும் டிஸ்க் ஆடும், ஸ்டீயரிங்கும் நடுங்கும்.

பிரேக் ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பழைய சிலிண்டரில் தினமும் சீல் ஓடாத கடைசிப் பகுதியில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும். மிதியைத் தரை வரை அடித்தால் சீல் அங்கே போய்க் கிழியும். பிரேக் வேலை முடிந்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று வருகிறவர்கள் நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகியிருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் எஸ்டீம்

பெரிய டிஸ்க் போட்ட அனுபவத்தில் ஒரு வார்த்தை. என் பழைய மாருதி எஸ்டீமில் போட்டேன். சூட்டை நன்றாகவே தாங்குகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் காலிபர் பிஸ்டன் பெரிதானதால் அதே மாஸ்டர் சிலிண்டருக்கு மிதி அதிகம் இறங்க ஆரம்பித்தது. முன்பக்கப் பிடி ஏறியதும் பின் டிரம்மின் பங்கு குறைந்தது. மழையில் முன் சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வழுக்கியது. அதைச் சரிசெய்யவே ஒரு வருஷம் போனது. ஒரு தடவை மிதித்து நிற்கும் தூரமும் பெரிதாகக் குறையவில்லை, ஏனென்றால் கடைசியில் ரோட்டைப் பிடிப்பது டயர்தான். துளையிட்ட டிஸ்க் மட்டும் வேண்டவே வேண்டாம், டிராக் சூட்டில் துளையிலிருந்து விரிசல் கிளம்பும்.

கடலூர் ஓ.டி.

பேட் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முழு ரேஸ் பேட் வாங்காதீர்கள். காலையில் கிளம்பி முதல் சிக்னலில் குளிர்ந்த பிரேக்கை மிதித்தால் அது பிடிக்காது, டிஸ்க்கையும் தின்றுவிடும். ரோட்டிலும் டிராக்கிலும் ஓட்டுகிறவர்களுக்கென்றே செய்த பேட் கிடைக்கிறது, கொஞ்சம் கிறீச்சிடும், தூசி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் அதிகாலையில், பின்னால் வண்டி வராத ரோட்டில், 80-லிருந்து 20 வரை எட்டுப் பத்துத் தடவை நன்றாகப் பிரேக் போட்டு, முழுசாக நிறுத்தாமல், அப்புறம் ஆற ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் நடுக்கம் வரும்.

ஆயில் டாட் 4-ஓ 5.1-ஓ போதும். வெறும் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான், அதை இதோடு கலக்கக் கூடாது. பாதி மிஞ்சிய பாட்டிலை அடுத்த தடவைக்கு வைக்க வேண்டாம். கார் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இன்ஷூரன்ஸ் பேப்பரையும் ஒரு தடவை படியுங்கள், பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் விலக்கியிருப்பார்கள்.

ரெயின்போ நகர் விடெக்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். பட்டறை அண்ணன் சொன்னது அப்படியே. புயல் அன்று பாதிச் சக்கரம் தண்ணீரில் நின்ற வண்டிதான். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் உரசியது. இடது காலிபரின் கீழ்ப் பின் அசையவே இல்லை, சுத்தியலால் தட்டித்தான் வந்தது. உள் பேட் 3 மில்லிமீட்டர், வெளி பேட் 7. பழைய ஆயில் காபி நிறத்தில் வந்தது. பின் டிரம்மைத் திறந்தால் உள்ளே காய்ந்த சேறு, ஷூ அட்ஜஸ்டரும் துரு. இத்தனை நாள் பின் பிரேக் பாதி வேலைதான் செய்திருக்கிறது.

இரண்டு பக்கமும் காலிபர் பின், அதன் ரப்பர் புதிது, நாலு ஹோஸும் புதிது, டாட் 4, ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஆன அந்த ரகப் பேட். டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலே இருந்ததால் லேத்தில் லேசாகக் கடைந்து போட்டோம். 15 ஆயிரத்துக்குள் முடிந்தது.

போன ஞாயிறு மறுபடியும் இருங்காட்டுக்கோட்டை. நாலு சுற்று வேகமாக, ஒரு சுற்று ஆற, இப்படி ஐந்து தடவை. மிதி கடைசி வரை அதே உயரத்தில் நின்றது. நடுக்கம் இல்லை, இழுப்பும் இல்லை. மதிய வெயிலில் மட்டும் ஒரு தடவை ஆறாவது சுற்றுக்கும் இழுத்தேன், அப்போது மிதி கெட்டியாக இருந்தும் நிற்கும் தூரம் கூடியது, பேட் வாசனையும் வந்தது. அதற்கு என்ன செய்யலாம்?

முதலியார்பேட்டை பட்டறை

இப்போது வந்திருப்பதுதான் உண்மையான பேட் சூடு, தம்பி. ஃபாக் லேம்ப் இடத்திலிருந்து மூன்று அங்குலச் சூடு தாங்கும் ஹோஸ் ஒன்றை டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு இழுத்துக் காற்று அடிக்க வைப்போம். டிஸ்க்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவே உள்ள காற்று வழிகள் அந்தக் காற்றை வெளியே வீசிக்கொள்ளும். சக்கரத்தை முழுக்கத் திருப்பினாலும் ஹோஸ் டயரில் உரசக் கூடாது, அதை வண்டியைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். சனிக்கிழமை கொண்டுவாருங்கள். அதுவரைக்கும் நாலு சுற்றோடு நிறுத்துங்கள்.