பூச்சி இறக்கையின் 'வெனேஷன்': தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்குப் பதாகை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். புதைபடிவப் பூச்சிகளை எப்படி இனம் காண்கிறார்கள் என்பது விஷயம். உடம்பு மட்கிப் போகும், இல்லாவிட்டால் வேறொன்று தின்றுவிடும். பெரும்பாலும் இறக்கைதான் கல்லில் பதிந்து மிஞ்சும். பிரான்சின் கொமாந்த்ரி நிலக்கரிப் பாறையில் கிடைத்த மெகாநியூரா என்ற பூச்சி சுமார் 30 கோடி ஆண்டு பழையது, இறக்கை விரித்தால் இரண்டடிக்கு மேல். பார்த்தால் தட்டான்தான். ஆனால் இன்றைய தட்டானுக்கு இறக்கையின் முன்விளிம்பு நடுவில் ஒரு கணுவும் நுனியோரம் ஒரு நிறப்புள்ளியும் உண்டு; அதற்கு இரண்டும் இல்லை. ஆகவே தட்டானுக்குத் தூரத்து உறவு என்கிறார்கள். இறக்கையில் ஓடும் கோடுகளின் அமைப்பைத்தான் ஆங்கிலத்தில் 'வெனேஷன்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.
– மேலூர் ஆசிரியை

இதற்கு ஏன் மண்டையை உடைப்பானேன் அம்மா? இலைக்கு 'நரம்பமைவு' என்று பாடநூலிலேயே இருக்கிறது. 'இறக்கை நரம்பமைவு' என்று போடுங்கள். மெகாநியூரா என்ற பெயருக்கே 'பெருநரம்பு' என்றுதான் பொருள்.
– திருநகர்

ஐயா சொல்வது காதுக்குச் சரி, உயிரியலுக்குச் சரியில்லை. இறக்கைக் கோடு ஒவ்வொன்றும் உள்ளே பொள்ளலான குழாய். பூச்சியின் குருதிநீர் அதில் ஓடும், மூச்சுக்குழலும் போகும், நிஜமான நரம்பும் போகும். 'நரம்புக்குள் நரம்பு செல்கிறது' என்று பதாகையில் எழுதுவீர்களா? 'சிரையமைவு' என்பதே பொருந்தும். காம்ஸ்டாக், நீதம் என்ற பூச்சியியலார் இருவரும் 1898-இல் வகுத்த முறையில் கோஸ்டா, சப்கோஸ்டா, ரேடியஸ், மீடியா, கியூபிட்டஸ், ஏனல் என்று கோடுகளின் பெயர்கள் வரிசையாக வரும். எந்தக் கோடு எங்கே கிளைக்கிறது, எது எதோடு சேர்கிறது என்று பார்த்துத்தான் குடும்பம் சொல்வது. அதனால் முதற்சொல் கோணினால் பின்னால் எல்லாம் கோணும்.
– ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்

'சிரை' வடசொல், பேராசிரியரே. நம்மிடம் 'சிறை' இருக்கிறது: 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி'. சிறை, சிறகு, இறகு, இறக்கை எல்லாம் ஒரே குடும்பம். கோட்டுக்கு 'வரி', வரிப்புலியில் வருகிற அதே வரி. ஆக 'சிறைவரி'. ஒரு கோடு மேடாகவும் அடுத்தது பள்ளமாகவும் வருகிறதாமே? மேட்டுவரி, பள்ளவரி. எவ்வளவு சுருக்கம்!
– அழகர்கோவில் சாலை

சிறைவரி என்றால் ஜெயிலுக்குக் கட்டுகிற வரி என்று பிள்ளைகள் நினைக்கும். அப்புறம், அந்தப் பாட்டில் வரும் தும்பி தேனெடுக்கிற வண்டு; தட்டான் இல்லை. கூந்தல் மணத்துக்காக நக்கீரர் போட்ட சண்டை மதுரைக்குப் போதும்.
– திருநகர்

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் 'ஈர்க்கு' என்பார்கள். தென்னோலைக்கு ஈர்க்குதானே விறைப்பு? 'ஈர்க்கமைவு' ஏன் கூடாது?
– உசிலம்பட்டி

விறைப்பு சரி. ஓட்டம்? ஈர்க்குக்குள் குருதிநீர் எப்படி ஓடும்? மேடு பள்ளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்லைப் பிளந்தால் இரண்டு பாதி கிடைக்கும். ஒன்றில் மேடாக இருப்பது மற்றதில் பள்ளமாக இருக்கும். கையில் இருப்பது எந்தப் பாதி என்று தெரியாமல் மேட்டுவரி, பள்ளவரி என்று பெயரிட்டால் தலைகீழாகிவிடும்.
– பேராசிரியர்

அந்தச் சிக்கல் எந்தச் சொல்லைப் போட்டாலும் வரும். சிறைவரி மேல் மட்டும் ஏன் பழி?
– அழகர்கோவில் சாலை

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'இறக்கை நரம்பமைவு' என்றே கொடுத்துவிட்டேன். இலைப்பாடம் படித்த பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். பேராசிரியர் சொன்ன குழாய் விளக்கத்தைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் சேர்த்திருக்கிறேன். ரேடியஸுக்கு 'ஆரை' என்று வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?
– மேலூர் ஆசிரியை

நரம்புக்கு என் மறுப்பு மறுப்புதான். ஆரை பரவாயில்லை.
– பேராசிரியர்

ஆரை என்றால் கீரை அம்மா. வயல் வரப்பில் நாலு இலையோடு நிற்குமே, அது.
– உசிலம்பட்டி