நாற்பதாயிரம் ரூபாய் மடக்குக் கத்திக்குத் திருகு எங்கே கிடைக்கும்?

நாகலூர்_தோட்டம்:
காப்பிச் செடி கவாத்து பற்றி நேற்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் கொண்டைஊசி20 வந்து இப்படி எழுதிவிட்டுப் போனார்: "மலிவான மடக்குக் கத்தி வாங்குகிறவன் வருஷா வருஷம் வாங்குவான். நாற்பதாயிரத்துக்கு ஒரு செபென்சா கத்தி வாங்கினால் பேரன் காலம் வரைக்கும் கவலையில்லை." எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி கட்டுகிறவர்கள் சேலம் லீ பஜார் சந்தைக் கத்தியை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் செபென்சாவில் ஒரு திருகு தொலைந்தால் சேலத்தில் எங்கே கிடைக்கும்?

கொண்டைஊசி20:
அண்ணே, அது என்ன கத்தி என்று தெரிந்துகொண்டு எரிச்சல்படுங்கள். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து பாய்ஸி நகரில் செய்வது. பிடி டைட்டானியம். பிடியின் ஒரு பக்கத்தையே நாக்கு மாதிரி அறுத்து விட்டிருப்பார்கள். அலகு விரிந்ததும் அது பின்னால் வந்து முட்டுக்கொடுத்து நிற்கும். இன்று ஊரெல்லாம் காப்பியடிக்கிற அந்தப் பூட்டைக் கொண்டுவந்தவர் கிறிஸ் ரீவ். பழுது என்று அனுப்பினால் கழற்றிச் சுத்தம் செய்து, தீட்டி, திருப்பி அனுப்புவார்கள். லீ பஜாரில் அப்படி யார் செய்கிறார்கள்?

சாணைக்கல்:
திருகுக்குப் பதில் வரவில்லை.

லீபஜார்_பையன்:
லீ பஜாரை ஏன் இழுக்கிறீர்கள்? திருகுதான் பிரச்சினை என்றால் ஒபினல் மடக்குக் கத்தி வாங்குங்கள். பிரான்ஸில் 1890-லிருந்து செய்கிறார்கள். 1955-இல் அலகை அசையாமல் பிடிக்கும் வளையப் பூட்டு சேர்த்தார்கள். திருகே கிடையாது, ஆணிதான். விலையும் செபென்சாவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

நாகலூர்_தோட்டம்:
மரப்பிடி தம்பி. ஐப்பசி மூடுபனியில் அது ஊதிக்கொண்டால் அலகு வெளியே வராது.

லீபஜார்_பையன்:
பிடியின் அடியை மேஜை விளிம்பில் தட்டினால் வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்களே அப்படித்தான் திறக்கிறார்கள்.

சாணைக்கல்:
சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிக்கிறவர் எந்த மேஜையில் தட்டுவார்?

சரி, திருகுக்கு வருகிறேன். திருகு பாய்ஸியில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கத்தியையே அனுப்ப வேண்டிய பழுது என்றால்? கூரியர் கடையில் உள்ளே என்ன என்று கேட்பார்கள். கத்தி என்று சொல்லிப் பாருங்கள். போகச் செலவு, வரச் செலவு, திரும்பி வரும்போது இது என் பழைய கத்திதான் என்று சுங்கத்துக்குக் காகிதம் காட்டும் கூத்து. ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் பெஞ்ச்மேடு கத்திக் கம்பெனி காலத்துக்கும் இலவசமாகத் தீட்டித் தருகிறது. அமெரிக்காவில் இருக்கிறவனுக்கு அருமையான ஏற்பாடு. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறவன் ஆரிகனுக்கு அனுப்பித் தீட்டிக்கொள்வானா?

அடுத்தது எஃகு. இவர்கள் வாய் ஓயாமல் பேசும் எஸ்30வி ரக எஃகில் கார்பன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4 சதவீதம். அந்த வனேடியமும் கார்பனும் சேர்ந்து உண்டாகும் வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லை விடக் கடினம். வைரத்தூள் பதித்த தீட்டுத்தகடு, அதாவது வைரத்தகடு, இல்லாமல் எளிதில் கூர் ஏறாது. தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தால் பொறி பறக்கும், விளிம்பில் நீலம் பாயும், பதம் போய்விடும். அதை உருக்கிய குரூசிபிள் ஆலையும் 2024 டிசம்பரில் திவால் மனு போட்டுவிட்டது. பேரன் காலம் வரைக்குமாம்!

கொண்டைஊசி20:
எஃகு ஆலை வேறு, கத்தி கம்பெனி வேறு. இதுகூடத் தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதுகிறார் ஐயா. செபென்சா எப்போதோ மேக்னாகட் எஃகுக்கு மாறிவிட்டது.

சாணைக்கல்:
மேக்னாகட்டை உருக்கியதும் அதே குரூசிபிள்தான். எழுதும் முன் கொஞ்சம் படியுங்கள். திருகு?

மல்கோவா:
சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் அமெரிக்க எஃகுக்கு ஜாதகம் எழுதுகிறீர்கள். கஞ்சமலை இரும்புக்கல் கண்ணுக்குத் தெரியவில்லையா? நம் நாட்டு உருக்கை 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆராய்ந்து கட்டுரை படித்தார்கள். விஞ்ஞானி ஃபாரடேயே அதைப் போலச் செய்து பார்த்தார். இன்று சேலத்தில் உருக்காலையும் இருக்கிறது. அந்தத் தகட்டில் ஒரு கத்தி செய்ய முடியாதா?

சாணைக்கல்:
எந்தத் தகடு? பாத்திரத்துக்குப் போகும் 304 ரகமா? 18 குரோமியம், 8 நிக்கல். எத்தனை சூடேற்றித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினப்படாது. டம்ளருக்குத்தான் ஆகும்.

மல்கோவா:
என் அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டம்ளர் என்று கேலி செய்யாதீர்கள்.

சாணைக்கல்:
டம்ளரில் என்ன கேவலம்? என் வீட்டில் எல்லாமே அதுதான்.

லீபஜார்_பையன்:
கூடவே ஒரு சந்தேகம். இதைப் பையில் வைத்துக்கொண்டு மலையேறினால் போலீஸ் பிடிக்காதா?

கொண்டைஊசி20:
ஆயுத விதிகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால்தான் உரிமம். பொத்தானை அமுக்கினால் பாய்ந்து விரியும் வகை வேறு கதை, அதைத் தொடாதீர்கள். செபென்சா அலகு 4 அங்குலத்தைத் தாண்டாது. அதைக் கையில் பிடித்துப் பார்க்காதவர்கள்தான் இங்கே அதிகம் பேசுகிறார்கள்.

நாகலூர்_தோட்டம்:
பிடித்துப் பார்த்தால் திருகு முளைக்குமா? சுவிஸ்காரன் 1884-லிருந்து கத்தி செய்கிறான். விக்டோரினாக்ஸ் இரண்டாயிரம் சொச்சத்துக்கே நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

கொண்டைஊசி20:
அதில் அலகு விரிந்த பிறகு பூட்டு உண்டா? சின்ன ரகங்களில் கிடையாது. விரல் போனால் விரலையும் கடையில் வாங்குவீர்களோ? நல்ல பொருள் செய்கிறவனுக்கு நல்ல விலை கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அவன் கடையை மூடிவிடுவான். நாளைக்குத் திருகு வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கே அவனைத் தாங்கிப் பிடிக்கச் சொல்கிறேன்.

சாணைக்கல்:
பாய்ஸிக்காரனைத் தாங்க நாற்பதாயிரம். கத்தியைப் பதம் பார்த்துத் தருகிற செவ்வாய்ப்பேட்டைக் கொல்லரிடம் ஐம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம். போன தடவை நீங்கள்தான் பேசினீர்கள், நானும் பக்கத்தில் நின்றேன்.

கொண்டைஊசி20:
அது வேறு விஷயம். அவர் சொன்ன நாளில் கொடுக்கவில்லை.

மல்கோவா:
கஞ்சமலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சாணைக்கல்:
கஞ்சமலை இருக்கட்டும். கொண்டைஊசி, என் வைரத்தகட்டை எப்போது தருவீர்கள்?

கொண்டைஊசி20:
அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே.

சாணைக்கல்:
பெட்டியைக் கொடுத்தீர்கள். உள்ளே தகடு இல்லை.